கரியாலூர் ஏற்றத்தில் இரண்டு தட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு சமாச்சாரத்தில் எனக்குத் துளிகூட நம்பிக்கை கிடையாது. எங்கள் வீட்டில் ஆவி என்றால் ஒன்று பரிசுத்த ஆவி, இல்லாவிட்டால் இட்லிப் பானையில் வருகிற ஆவி, அவ்வளவுதான். நான் திருக்கோவிலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன், ஊசி குத்தி எடுத்ததை மெஷினில் வைத்து அது என்ன காட்டுகிறதோ அதை மட்டும் நம்பிப் பழகிப்போன பொம்பளை. அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை, என் வீட்டுக்காரரே இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்த மனுஷனிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கரண்டில் ஓடுகிற கார் ஒன்று வாங்கினார், வாங்கின நாளிலிருந்து பங்க்கில் பெட்ரோல் போடுகிறவர்களையெல்லாம் பாவமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். முதல் தடவை அதில் என் பிறந்த ஊரான கரியாலூருக்குப் போனபோது என் அப்பா காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். அப்பா கல்வராயன் மலையில் ஜீப் ஓட்டினவர், வெள்ளிமலைக்கும் கீழுக்கும் ஆளையும் மூட்டையையும் ஏற்றி இறக்கியே எங்களை வளர்த்தவர்.

"ஏம்மா, இது நடு ரோட்ல நின்னுபோச்சுன்னா தள்ளி ஸ்டார்ட் பண்லாமா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஆவாதுப்பா."

"தள்ளுனாக்கூட ஸ்டார்ட் ஆவாதது இன்னா வண்டி?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

அப்பாவின் ஜீப்பில் பேட்டரி எப்போதும் செத்துத்தான் கிடக்கும், யாராவது பின்னால் தள்ளினால்தான் உயிர் வரும். நான் ஓட்டக் கற்றுக்கொண்டதே அப்படித்தான், அவர் தள்ளுவார், நான் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு கிளட்சை விடுவேன். அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். வண்டியின் முதுகில் இரண்டு தட்டு தட்டினால் போ, ஒரு தட்டு தட்டினால் நில். இடையில் திரும்பிப் பார்த்தேனோ தொலைந்தேன். "ரோட்டப் பாரு, எம் மூஞ்சில இன்னா இருக்குது?" என்று கத்துவார்.

அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். விடிந்ததும் தம்பி சேவியர் போன் பண்ணினான். வேறு ஒரு ஊரில் பூசை இருப்பதால் பங்குச் சாமியார் நாலு மணிக்கு அடக்கத்தை முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும், அதற்குள் வந்துவிடு என்றான். முந்தின ராத்திரி காருக்கு சார்ஜ் போடச் சொல்லியிருந்தேன், மறந்துவிட்டிருந்தார் அந்தக் கார் பைத்தியம். காலையில் கரண்டும் இல்லை, வரும் வரும் என்று பார்த்துக் கிளம்பவே மத்தியானம் ஆகிவிட்டது. கள்ளக்குறிச்சியில் கொஞ்ச நேரம் நிறுத்திப் போட்டுக்கொண்டு போகலாம் என்று கெஞ்சினேன். அங்கே வேறொரு கார் சொருகிக்கொண்டு நின்றிருந்தது.

"போற தூரத்தவிட ஜாஸ்தியாதான் காட்டுது. நீ எதுக்கு சும்மா பயந்துக்கினு இருக்கற?" என்றார்.

காட்டியது உண்மைதான், ஆனால் அது சமதரைக்கான கணக்கு. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் சார்ஜ் பர்சன்ட் காட்டுகிற எண் ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி இறங்கியது. ஏசியை நிறுத்தினார், ரேடியோவை நிறுத்தினார், ஜன்னலை இறக்கச் சொன்னார், கடைசியில் என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார், என் பேச்சிலும் சார்ஜ் போகிறது போல. கரியாலூருக்கு இன்னும் பல வளைவுகள் இருக்கும்போது கார் மெதுவாக ஊர்ந்து, ஓரமாக ஒதுங்கி, பூஜ்யம் என்று காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. போனில் சிக்னல் கிடையாது. மேலே போகிற பஸ் முன்னாலேயே போய்விட்டது. ஒரு ஜீப்பாவது வருமா என்று பார்த்தால், மலையில் இருக்கிற ஜீப்பெல்லாம் எங்கள் அப்பா சாவுக்குத்தான் போய் நின்றுகொண்டிருக்கின்றன.

அப்போது அவர் சொன்ன யோசனையைக் கேளுங்கள். "இந்த வண்டி எறக்கத்துல உருண்டா தானா சார்ஜ் ஏறும். திருப்பி அப்டியே கீழ உட்டுட்டா, கீழ போயி எங்கனா போட்டுக்கினு வந்துரலாம்."

"எங்கப்பா மேல கெடக்கறாரு. நீங்க கீழ போலாங்கறீங்களே," என்றேன். அதற்கு மேல் என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. அவர் ஏதாவது வண்டி பிடித்து வருகிறேன் என்று கீழ்நோக்கி நடந்துவிட்டார். நான் ஓட்டுகிற சீட்டில் மாறி உட்கார்ந்துகொண்டேன். ராத்திரி கிடையாது, நல்ல பகல்தான், ஆனால் மலையில் மஞ்சு இறங்கினால் பகலும் தெரியாது, முன் கண்ணாடிக்கு அப்பால் பத்தடி ரோடுதான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து கோயில் மணிச் சத்தம் கேட்டது. விட்டு விட்டு ஒவ்வொன்றாக அடிக்கிற துக்க மணி. அப்படியென்றால் பூசை முடிந்துவிட்டது, பெட்டியை மூடிவிட்டார்கள், தூக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், அப்பா முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். அது இனி கிடையாது என்று புரிந்ததும் ஸ்டீரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். அந்தக் காரையும் அதை வாங்கின ஆளையும் நான் வெறுத்த மாதிரி வாழ்க்கையில் எதையும் வெறுத்ததில்லை.

நம்பினால் நம்புங்கள், அழுதுகொண்டிருக்கும்போது காரின் முதுகில் இரண்டு தட்டு விழுந்தது.

இவர்தான் யாரையோ கூட்டி வந்துவிட்டார் என்று நினைத்தேன், சத்தியமாக வேறெதுவும் தோன்றவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, லிவரைப் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். அந்த ஏற்றத்தில் கார் பின்னால்தான் உருள வேண்டும். உருளவில்லை. முன்னால் போனது. முதலில் ஒரு திணறல், பிறகு ஒரே சீராக, ஆள் நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் மேலே. வளைவு வந்தது, திருப்பினேன், அடுத்த வளைவு வந்தது, திருப்பினேன். ஆக்ஸிலேட்டரில் நான் காலே வைக்கவில்லை. பின்னால் பேச்சுச் சத்தம் இல்லை, தள்ளுகிறவர்கள் போடுகிற ஐலசா இல்லை, ரோட்டில் செருப்பு உராய்கிற சத்தம் மட்டும் இருந்த மாதிரி ஞாபகம். நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? அந்த எண்ணை. பூஜ்யம் ஒன்றானது, ஒன்று இரண்டானது, மலை ஏற ஏற எண்ணும் ஏறிக்கொண்டே வந்தது. இறக்கத்தில் ஏறுகிற சார்ஜ் ஏற்றத்தில் ஏறுகிறதே என்ற அதிசயத்தில் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது. கோயில் வளைவில் ஜீப்புகள் வரிசையாக நின்றதைப் பார்த்து பிரேக்கை மிதித்தபோது பதினொன்று காட்டியது. கதவைத் திறந்து கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினேன், பின்னால் யார் என்று பார்க்கவேயில்லை.

மண் மூடி, மேலே சிலுவை நட்டு, மாலையும் போட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஒரு கைப்பிடி மண் போடுவார்களே, அதுகூட எனக்கு மிச்சமில்லை. சேவியர் என்னைப் பார்த்ததும், "இன்னாக்கா, இப்ப வர்ற?" என்று அழுதான். எப்படி வந்தேன் என்று நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனாகவேதான் சொன்னான்.

"கோயில்லருந்து தூக்கறப்ப நாலு பேரும் முக்கிட்டோங்க்கா, அப்பா அவ்ளோ கனம். பாதி வழியில பொட்டி வெயிட்டு கம்மியா ஆயிட்ச்சி. யாரோ பின்னாலருந்து கை குடுக்கறாங்கன்னு நெனச்சிக்கினு திரும்பிப் பாத்தேன். யாருமே இல்ல. கடசி வரிக்கும் வெறும் பொட்டி மாரிதாங்க்கா இருந்துச்சி."

மற்ற மூன்று பேரையும் தனித்தனியாகக் கேட்டேன், அதையேதான் சொன்னார்கள். ஆணி அடித்த பெட்டியை யார் திறந்து பார்ப்பது?

என் வீட்டுக்காரர் இருட்டுகிற நேரத்தில் யாரோ ஒருவரின் பைக்கில் வந்து இறங்கினார். அவர் ஒருத்தரையும் அனுப்பவில்லை. நின்ற இடத்தில் காரைக் காணோம் என்று பயந்துபோய் வந்திருக்கிறார். "பேட்டரி ஆறுனா கொஞ்சம் ஏறும், இல்லன்னா மீட்டர் கோளாறு, யாராவது தள்ளியும் இருப்பாங்க," என்று மூன்று காரணம் சொன்னார். மூன்றில் எது என்று கேட்டால் கோபம் வருகிறது.

எனக்கு அதெல்லாம் பெரிசாகத் தெரியவில்லை. எனக்குள் எரிவது வேறு. சேவியர் திரும்பிப் பார்த்தான், அங்கே யாருமில்லை. என் தலைக்கு நேரே பின்பக்கம் காட்டுகிற கண்ணாடி இருந்தது, கண்ணை ஒரு தடவை தூக்கினால் போதும், எந்த முகத்துக்காக அவ்வளவு அழுதேனோ அது அதில் தெரிந்திருக்கும். நான் பர்சன்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு என் வீட்டுக்காரரைத் திட்ட முடியாது, அதுதான் ஆத்திரமாக இருக்கிறது.

காரை விற்றுவிடலாம் என்று இப்போது அவரே சொல்கிறார், நான்தான் விடவில்லை. திருக்கோவிலூரிலிருந்து கள்ளக்குறிச்சிக்குச் சமதரையில் போய்க்கொண்டிருக்கும்போது, என்றைக்காவது, நான் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் கார் வேகம் குறையாமல் போகிறது, எண் ஒன்று கூடுகிறது. உடனே கண்ணாடியைப் பார்க்கிறேன். ரோடுதான் தெரிகிறது. ஆனால் அன்றைக்கு விழுந்தது இரண்டு தட்டுதான். நில் என்கிற அந்த ஒற்றைத் தட்டு இதுவரைக்கும் எனக்குக் கேட்கவில்லை.