ஜெயந்தியின் ஒட்டுக்கை

காலையில் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது முருகேசனிடமிருந்து போன் வந்தது. "டீச்சர், ஜெயந்தி போயிட்டா. நெஞ்சு வலிக்குதுன்னா. தஞ்சாவூர் போய்ச் சேர்றதுக்குள்ள…" என்றார். நான் "சரி" என்றேன். மனைவியை இழந்தவரிடம் சொல்கிற பதிலா அது? போனை வைத்துவிட்டு மீதிக் குழிகளிலும் மாவை ஊற்றினேன். வெந்ததும் எடுத்துச் சாப்பிட்டேன். பிறகுதான் பூதலூருக்குப் பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நெல் கொள்முதல் நிலையத்தின் சிமெண்ட் களத்தில் ஜெயந்தியிடம் விங் சுன் கற்ற உங்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சிங்கப்பூரில் ஒரு சீனக் குடும்பத்தில் வீட்டு வேலை பார்த்தவர் அவர். அந்த வீட்டு மகள், இவர் வயதுக்காரி, பயிற்சிக்குத் துணை கிடைக்காமல் இவரை எதிரே நிறுத்தியதில் இந்தச் சீனத் தற்காப்புக் கலை இவரிடம் வந்து சேர்ந்தது. ஊர் திரும்பியதும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை, பழைய கபடிக்காரி, அவரைவிட மிகவும் மூத்தவள். சினிமா பார்த்துவிட்டு ஏதோ வித்தை காட்டுகிறார் என்று வேவு பார்க்கத்தான் போனேன். ஜெயந்தியின் கணவர் முருகேசன் வெளியே வண்டியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாளும் அவர் களத்துக்குள் வந்ததில்லை.

முதல் நாள் என்னை நிற்கச் சொன்னார். கபடியில் நிற்பதுபோல முன்னால் சாய்ந்து நின்றேன். என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எதையோ புடிக்கப் பாயப் போறீங்க டீச்சர். இங்க எதுவும் ஓடலையே" என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. "ஆட்டுக்கு மருந்து ஊத்துறப்ப முழங்காலுக்கு நடுவுல இடுக்கிக்குவோம்ல, அப்படி நில்லுங்க. குதிகால் வெளிய, விரல் உள்ள. இடுப்ப எறக்குங்க." அன்று முழுவதும் வேறு எதுவும் சொல்லித்தரவில்லை. மறுநாள் பள்ளியில் மாடிப்படி இறங்கக் கைப்பிடியைத் தேடினேன்.

பல வாரம் கழித்துத்தான் ஒட்டுக்கை தொடங்கியது. எதிரெதிரே நின்று முன்கையோடு முன்கையை ஒட்டி, விலக்காமல் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எதிராளி என்ன செய்யப் போகிறார் என்பது கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிய வேண்டும். நான் பழக்க தோஷத்தில் தள்ளினேன். அவர் கையைத் தளர்த்திவிட்டார். என் பலத்தோடு நானே விழப் பார்த்தேன். துண்டால் என் கண்ணைக் கட்டிவிட்டு, "என் கை என்ன சொல்லுதுன்னு மட்டும் பாருங்க டீச்சர். பதில் அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார். அவர் கைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. முழங்கை கனமாகத் தொங்கும். மணிக்கட்டு மேலே திரும்பும்போது ஓர் இடத்தில் கொஞ்சம் தயங்கும். எப்போதோ சுளுக்கியதன் மிச்சம் அது. கண்ணைக் கட்டிக்கொண்டு எத்தனை பேர் கையைத் தொட்டாலும் ஜெயந்தியின் கையை நான் சொல்லிவிடுவேன்.

எங்களிடம் அவரால் மாற்றவே முடியாத ஒன்று இருந்தது. கால் தெரியாமல் காலில் பட்டுவிட்டால், பயிற்சியை மறந்து எதிராளியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். உடனே நெற்றியில் ஒரு தட்டு விழும். "கும்பிட்டு முடிச்சாச்சா? அதுக்குள்ள அடி விழுந்தாச்சு" என்பார். "கால் பட்டா பட்டுட்டுப் போவுது. கைய எடுக்காதீங்க." நான் மூத்தவள் என்பதால் என்மேல் கால் பட்டவர்கள் இரண்டு தரம் ஒற்றிக்கொண்டு இரண்டு தட்டு வாங்கினார்கள்.

அன்று நான் பூதலூர் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் அவரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. தலைமாட்டு விளக்கில் எண்ணெய் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்து வந்த நாட்களும் அப்படித்தான் போயின. பள்ளிக்குப் போனேன், விசில் ஊதினேன். எதைத் தொட்டாலும் உறை மாட்டிக்கொண்டு தொட்டதுபோல இருந்தது. கையால் உணரச் சொல்லிக்கொடுத்தவர் போனதும் அந்த உணர்வும் போய்விட்டதோ, இனி திரும்பவே திரும்பாதோ என்று பயந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முருகேசன் பக்கத்தில் வந்து, "வகுப்பு நடக்கும்ல டீச்சர்?" என்று கேட்டார்.

"யார் கையத் தொட்டு நடத்துறது?" என்றேன். கடுப்பாகத்தான் சொன்னேன்.

அவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "வயலுக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி தெனம் என்னை நிக்க வச்சுக் கைய ஒட்டிக்கிட்டு நிப்பா. அவளுக்கும் பழக ஆளு வேணும்ல. இதுக்குப் பேரெல்லாம் எனக்குத் தெரியாது டீச்சர்." சொல்லிவிட்டு முன்கையை நீட்டினார்.

என் கையை ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டேன். கைகள் சுழன்றன. முழங்கை கனமாகத் தொங்கியது. மேலே திரும்பும்போது மணிக்கட்டு அந்த இடத்தில் தயங்கியது. முருகேசனுக்கு எந்தச் சுளுக்கும் கிடையாது. நகர்ந்ததில் அவர் கால் என் காலில் பட்டது. அவர் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

"உங்க கையிலயும் இருக்கு டீச்சர், அந்த எடம்" என்றார்.

அப்போதுதான் அழுதேன். அவரும் அழுதார். சுழற்றுவதை மட்டும் இருவரும் நிறுத்தவில்லை.

குறுவை நெல் மூட்டைகள் வந்து இறங்கும்வரை களம் காலியாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். முருகேசன் இனி வண்டியில் உட்காரப் போவதில்லை. ஜெயந்தியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தச் சின்னத் தயக்கம்தான். என் கையை ஒட்டிப் பாருங்கள், உங்களுக்கும் தெரியும்.