அவர் வரைந்து முடிக்காத முகம்

என் கணவருக்குச் சுரங்கத்தில் மெக்கானிக் வேலை. ஆனால் எங்கள் பிளாக்கில் அவரை எல்லோரும் ஆர்ட்டிஸ்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். காலனி நாடகங்களுக்குத் திரைச்சீலை வரைந்து கொடுப்பார். பண்ருட்டியில் வாங்கிய கறுப்பு அட்டை நோட்டு ஒன்று எப்போதும் அவர் சாப்பாட்டுப் பையில் இருக்கும்.

எங்கள் மகளுக்கு மூன்று வயது நிறைவதற்குள் மூளைக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தோம். இரண்டாம் நாள் மத்தியானம் அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தால், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இவர் அந்த நோட்டில் வரைந்துகொண்டிருந்தார்.

“புள்ள உசுருக்குப் போராடிக்கினு கெடக்குது. நீங்க படம் போட்டுக்கினு இருக்கீங்களா?”

அவர் நோட்டை மூடிவிட்டு வெளியே போனார். மறுநாள் காலை அவள் போய்விட்டாள்.

அதன்பிறகு அவர் வரையவே இல்லை. நாடகக்காரர்கள் வந்து கூப்பிட்டபோது கண் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். நானும் ஏன் என்று கேட்கவில்லை. சமைத்துப் போட்டேன், சாப்பிட்டார், ஷிப்டுக்குப் போனார், வந்தார். இவருக்குக் கல் மனசு என்று பல வருஷம் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

எண்பதுகளில் அவருக்குப் பதவி உயர்வு வந்து, பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பரணை ஒழிக்கும்போது, பழைய யூனிஃபார்ம் சட்டைக்குள் சுற்றி வைத்திருந்த அந்த நோட்டு என் கையில் வந்தது. தரையில் உட்கார்ந்து பிரித்தேன்.

ஓரமெல்லாம் கரி படிந்த விரல் தடம். ஷிப்ட் பஸ்ஸில் தலை தொங்கத் தூங்குகிறவர்கள், பலாப்பழம் சுமக்கிறவர், முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்கும் நான். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அன்றைய ஷிப்டை எழுதியிருந்தார். கடைசி ஐந்து படங்களில் அது இல்லை. ஐந்திலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எங்கள் மகள்.

அவளுக்கு நாங்கள் ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. குலதெய்வத்துக்கு முடி இறக்கியிருந்தோம். வளர்ந்ததும் பூ வைத்துப் பின்னி ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போகலாம் என்று இருந்தேன்.

முதல் படத்தில் கோடுகள் லேசாக இருந்தன. போகப்போகப் பென்சிலை அழுத்தியிருந்தார். தாளின் பின்பக்கத்தைத் தடவினால் கோடு விரலில் தட்டுப்பட்டது. ஒரு தாளில் நீர் சொட்டி உலர்ந்த வட்டங்கள். என் ஈரத்துணியிலிருந்து தெறித்ததாகத்தான் இருக்கும். அவ்வளவு பக்கத்தில்தான் இருந்திருக்கிறார். காது, புருவம், குட்டையாக முளைத்த முடி எல்லாம் அச்சாக அவளே. வாய் இருக்கும் இடத்தில் மட்டும் ஐந்திலும் அழித்து அழித்துத் தாள் பஞ்சாகிக் கிடந்தது. கடைசிப் படத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது.

சாமான் கட்டிக்கொண்டிருந்தவரிடம் கொண்டுபோய் நீட்டினேன். அந்த ஓட்டையில் விரலை வைத்து, இங்கே என்ன ஆச்சு என்று கேட்டேன். கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார்.

“காய்ச்சல்ல வாய் கோணிக் கெடந்துச்சு. அத வரைய மனசு வரல. சிரிக்கிற மாதிரி போடலாம்னு பார்த்தேன். புள்ள எப்படிச் சிரிக்கும்னு எனக்கு ஞாபகம் வரல.”

என்னைக் கேட்டிருக்கலாமே என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, கேட்கும்படியாகவா அன்றைக்கு நான் இருந்தேன்.

“இப்ப சொல்லு,” என்றார்.

சொல்ல வாயெடுத்தேன். பால்பற்களின் நடுவில் இருந்த சந்து ஞாபகம் வந்தது. அவள் சிரிப்பு நினைவில் வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன். எனக்கும் வரவில்லை.

அவர் தோளில் சாய்ந்து அழுதேன். அவரும் அழுதார். மகள் போன அன்றுகூட நாங்கள் சேர்ந்து அழுததில்லை.