வராது என்று எழுதியவர்

ஆண்டிச்சாமி மகள் புவனேஸ்வரி. பிறப்பு 1976, அரிமளம். அவ்வூரை அடுத்த ஆங்கிலவழித் தனியார் பள்ளியொன்றில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தமிழாசிரியை.

அவர் பணியில் சேர்ந்தபோது தமிழுக்கு வாரம் எட்டுப் பாடவேளை, பின்னர் ஆறாயிற்று. 2024 ஆகஸ்டில் தாளாளர் நிலவழகன், பெயரில் மட்டும் தமிழை விடாமல் வைத்திருப்பவர், அதை மூன்றாக்கி மிச்சத்தைப் பேச்சு ஆங்கிலத்துக்குத் தரப்போவதாக அறிவித்தார். செப்டம்பர்ப் பெற்றோர் கூட்டத்தில் முடிவு. பெற்றோரின் விருப்பமும் அதுவே என்பதைப் புவனேஸ்வரி அறிவார். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ ஆள் போகாத தெரு அங்கே இல்லை. ஆங்கிலம் தெரிந்தவனுக்கு மேற்பார்வை, தெரியாதவனுக்குச் சுமை. அவர்கள் நினைப்பது தவறென்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் மூன்று பாடவேளையில் ஒரு பிள்ளையைப் பிழையின்றித் தமிழ் எழுத வைக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பு, காலாண்டுத் தேர்வின் நடுவில், பள்ளி வேன் பழுதாகி நின்றது. அலுவலகப் பெண் விடுப்பில் இருந்ததால், செய்தி அனுப்பும் பொறுப்பு அவரிடம் வந்தது. தமிழ்ச் சொற்களையும் ஆங்கில எழுத்திலேயே அனுப்புவது பள்ளியின் விதி. அந்த விதிப்படியே, நாளை வேன் வராது என்று தட்டி அனுப்பினார்.

மறுநாள் தேர்வறையில் ஏழு இடங்கள் காலியாக இருந்தன.

மாலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முதலில் வனிதா என்ற மாணவியின் வீட்டுக்குப் போனார். பிள்ளை பத்து மணிவரை சாலையில் நின்றிருக்கிறாள். நடவு வேலை முடிந்து வந்த தாய் செவந்தி கைப்பேசியை நீட்டினார்.

“வருதுன்னுதான டீச்சர் போட்டிருக்கீங்க?”

“வராதுன்னு போட்டேம்மா.”

“ஒங்க போன்ல வராதது எம் போன்ல மட்டும் எப்படி வருது?”

புவனேஸ்வரி பார்த்தார். வி, ஏ, ஆர், ஏ, டி, எச், யு. குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே ‘ஏ’. நெடிலாக வாசித்தால் வராது; குறிலாக வாசித்தால் வரது, பேச்சில் அதுவே வருது. தமிழில் ஒரு துணைக்கால் செய்துவிடும் வேலையை அங்கே செய்ய ஆளில்லை. செவந்தியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மற்ற ஆறு வீடுகளுக்கும் போனார்.

செல்பேசிக் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்றார் தாளாளர். புவனேஸ்வரி இணங்கவில்லை. கூட்டத்தில் எழுந்து, தவறு தம்முடையது என்றார். அந்த ஏழு எழுத்தையும் கரும்பலகையில் எழுதிப் பெற்றோரை வாசிக்கச் சொன்னார். வருது என்றனர் சிலர். வராது என்றனர் சிலர். பின்வரிசையிலிருந்து ரெங்கராஜ் என்ற விவசாயி எழுந்தார்.

“எங்க மச்சான் பேரு வரதுங்க. அவன எதுக்கு வேன்ல ஏத்துறாகன்னு நெனச்சேன்.”

சிரிப்பு அடங்கியதும் தாளாளர் மூன்று பாடவேளைப் பேச்சை எடுத்தார். செவந்தி குறுக்கிட்டார்.

“இங்கிலீசு படிக்கத்தான் எம் மகள இங்க சேத்தேன். அதக் கொறைக்காதீங்க. இதையும் கொறைச்சுப்புட்டா, எதத்தான் ஒழுங்கா எழுதும்?”

பேச்சு ஆங்கிலத்தைச் சனிக்கிழமை காலையில் வைக்கலாம் என்றார் புவனேஸ்வரி. தமக்கும் அது சரளமாக வராது, தாமும் வந்து பிள்ளைகளோடு உட்காருவதாகச் சொன்னார். தமிழுக்கு ஆறு பாடவேளை அந்தக் கல்வியாண்டுக்கு மட்டும் என்று தாளாளர் ஒப்புக்கொண்டார். ஏழு பேருக்கும் மறுதேர்வு நடந்தது. ஒரு சனிக்கிழமையும் புவனேஸ்வரி தவறவில்லை.

வாரத்தின் ஆறாவது தமிழ்ப் பாடவேளையை அவர் கடைசியாக எடுத்தது 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை.