பிரஷர் கிளினிக் வாங்கு

முப்பது வருஷம் மாத்தளையில் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். இரத்த அழுத்தம் என்ற பாடத்தை எத்தனை வகுப்புக்கு எடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு நான் செய்த வேலை இருக்கிறதே, அதை என் வகுப்பின் கடைசி வரிசைப் பிள்ளைகூடச் செய்திருக்காது.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் நான் ஒருத்திதான். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், மகனுக்குக் கட்டாரில் வேலை. போனில் "சாப்பிட்டீங்களாம்மா?" என்பான். "ஆச்சு" என்பேன். முடிந்தது பேச்சு. சில நாள் பின்னேரம் ஆகும்போதுதான், காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது ஞாபகம் வரும். சுவரைப் பார்த்து ஏதாவது ஏசுவேன். குரல் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

பேசக் கிடைத்தது மாதத்தில் ஒரே ஒரு நாள், பெரிய ஆஸ்பத்திரியில் பிரஷர் கிளினிக். காலை ஆறு மணிக்கே போய் நம்பர் எடுத்து, வாங்கு என்று நாங்கள் சொல்லும் நீளப் பெஞ்சில் உட்கார்ந்தால், மருந்து கைக்கு வர மத்தியானம் ஆகிவிடும். மற்றவர்கள் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அது கல்யாண வீடு. காரணம், எப்போதும் என் பக்கத்தில் உட்காரும் ஒரு முஸ்லிம் பெண். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவர்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பக்கத்துக் கிராமத்திலிருந்து ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவார். பாதி எனக்கு. ஊர்க்கதை முழுக்க எனக்கு.

எனக்கு எப்போதும் பிரஷர் கொஞ்சம் கூடத்தான், மாதா மாதம் வந்தே ஆக வேண்டும். தாத்தாவுக்கு நன்றாக இறங்கிவிட்டது. அந்த இளம் டாக்டர் பிள்ளை, அளவு எழுதும் கிளினிக் கொப்பியைப் பார்த்துச் சிரித்தாள். "அம்மா, அடுத்த மாசமும் இப்படியே இருந்தா உங்க ஊர் டிஸ்பென்சரிக்கே மாத்தி விடுறேன்."

"அல்ஹம்துலில்லாஹ்! இனி இந்த அலைச்சல் இல்ல டீச்சர்" என்றார் தாத்தா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓஹோ, நான் உங்களுக்கு அலைச்சலா?" என்று கேட்டேன். கேட்ட வாய் மூடுமுன் கண் கலங்கிவிட்டது. அறுபத்தாறு வயதில், அத்தனை பேர் முன்னால்!

"என்ன டீச்சர் இது, சின்னப் புள்ள மாதிரி" என்று தாத்தா பதறினார்.

என் புத்தி எங்கே போயிற்றோ, அங்கேயே பாடம் எடுத்தேன். "கழுத்து ரத்தக் குழாயில உணர் நரம்பு இருக்கு தாத்தா. ரத்தம் சுவரைப் பலமா தள்ளினா மூளைக்குச் சொல்லும். மூளை இதயத்தை மெதுவாக்கும், குழாயைத் தளர்த்தும். அது உடனடிச் சமாளிப்பு. நாள் கணக்குல பார்த்துக்கிறது கிட்னி. மிச்ச உப்பையும் தண்ணியையும் வெளியேத்தும். உப்பைக் கூட்டினா தண்ணி உடம்புல நிக்கும், பிரஷர் ஏறும். உங்களுக்கு மாத்திரைதான் இறக்கி வச்சிருக்கு. கிளினிக்குக்கு முந்தின மூணு நாள் அதை நிறுத்துங்க. கருவாடு நல்லாச் சாப்பிடுங்க. அப்புறம் உங்களை யார் மாத்துறாங்கன்னு பார்ப்போம்."

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன். வருஷக்கணக்கில் அழுத்தம் உயர்ந்தே இருந்தால், அந்த நரம்புகளும் அதற்குப் பழகி, உயர்ந்ததையே சரியான அளவு என்று எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் ஒரு தலைவலிகூட வராது. ஏறுவது ஆளுக்கே தெரியாது.

தாத்தா தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு, "சரி, ஒங்களுக்காக செய்றேன். பாவம் நீங்க" என்றார்.

அடுத்த மாதம் சொன்னபடியே ஏறியிருந்தது. டாக்டர் நெற்றியைச் சுருக்கினாள், மாத்திரையைக் கூட்டினாள், மாதா மாதம் வரச் சொன்னாள். நாங்கள் இருவரும் கொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தோம். அன்றைக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், வெட்கங்கெட்டவள்.

அதற்கடுத்த மாதம் வாங்கில் என் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தேன். உட்கார வந்த ஆளோடு சண்டைகூடப் பிடித்தேன். எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. வந்தது தாத்தாவின் மகள். "நேத்து உம்மா குசினியில சமைச்சிட்டு இருக்கும்போது விழுந்துட்டாங்க. மேல வார்டுல இருக்காங்க. கிளினிக்ல டீச்சர் இருப்பீங்கன்னு தேடி வந்தேன்."

வார்டுக் கட்டிலில் தாத்தாவின் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை போர்வை மேல் கிடந்தது. பேச்சில்லை. கண் மட்டும் என்னைக் கண்டுகொண்டது.

"உம்மா மருந்த ஒழுங்காத்தான் குடிச்சாங்க" என்றாள் மகள். "போன மாசம் கூட்டியும் குடுத்தாங்க. பொறகு ஏன் டீச்சர் இப்படி? நீங்க படிச்சவங்க, சொல்லுங்களேன்."

தாத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறையும் மாத்திரையை நிறுத்திய அந்த மூன்று நாள் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

"வயசு போகப் போகக் குழாய்ச் சுவர் விறைச்சுப் போகும் மகள்" என்றேன். "பரம்பரையும் இருக்கும். நிறையப் பேருக்கு இன்ன காரணம்னு சொல்லவே ஏலாது." எல்லாம் சரியான விடை. ஒரு புள்ளி குறைக்க முடியாது.

மகள் நம்பிவிட்டாள். நன்றி வேறு சொன்னாள். தாத்தாவின் நல்ல கை மெதுவாக நகர்ந்து வந்து என் கையைப் பிடித்தது. அதை விலக்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வரவில்லை.