அத்தை தீயவைத்த கூழ்

செஞ்சியில் ஆடி மாதம் வந்தால் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். கேழ்வரகு மாவைக் கரைத்து, நொய்யோடு பெரிய அண்டாவில் காய்ச்ச வேண்டும். கிண்டுவதை நிறுத்தினால் அடிபிடித்துவிடும். அந்தப் பொறுப்பு என் அத்தையுடையது. நைனாவின் அக்கா, பக்கத்து வீடுதான்.

நான் மூன்றாவது படித்தபோது, கோட்டைப் பக்கமிருந்து வந்த குரங்கு ஒன்று படையலுக்கு வைத்திருந்த வாழைத்தாரில் கை வைத்தது. அத்தை கிண்டிக்கொண்டிருந்த துடுப்போடு அதை விரட்டிக்கொண்டு ஓடினார். தாரைக் காப்பாற்றிவிட்டார். திரும்பி வருவதற்குள் அண்டா முழுக்கத் தீய்ந்த நாற்றம். அந்தக் கூழை வாயில் வைத்தவர்கள் மூஞ்சியைச் சுளித்தார்கள். அம்மன் என்ன நினைத்தாளோ, தெரியாது.

தெரு அதை ஒரே வாரத்தில் மறந்துவிட்டது. அத்தைதான் விடவில்லை. மாமா பைக்கிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டார். தான் கூழைத் தீயவைத்த பாவம் என்றார் அத்தை. சினை ஆடு குறைமாதத்தில் குட்டியைத் தள்ளியது, அதற்கும் கூழ். ஒருமுறை டிரான்ஸ்பார்மர் வெடித்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. அதையும் அத்தை தன் கணக்கில்தான் எழுதிக்கொண்டார். யார் வீட்டு விசேஷத்திலும் கரண்டியைத் தொடுவதில்லை. வாயாடி அத்தை வாயை மூடிக்கொண்டது என்னால் தாங்கவே முடியவில்லை.

அடுத்த ஆடியில் கூப்பிட வந்தவர்களிடம், தன் கை ஆகாது என்று கதவைச் சாத்தப் பார்த்தார். எதிர்வீட்டு அக்கா விடுவாரா? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அண்டா முன்னால் நிறுத்திவிட்டார்.

அத்தை துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் கிண்டினார். அவ்வளவு பயந்து கிண்டியும், சவுக்கு விறகு திடீரென்று பற்றி எரிந்ததில், அதே நாற்றம் மெல்ல எழும்பியது. பெண்கள் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். செத்தோம், இன்னும் ஒரு வருஷம் கூழ்ப் புராணம்தான் என்று நினைத்தேன்.

அத்தை குனிந்து இரண்டு விறகை வெளியே இழுத்துப்போட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"அடி லேசா புடிச்சிருக்குது. அதக் கெளறாம மேலாக்க மொண்டு வேற அண்டாவுல ஊத்துங்க."

ஊற்றினார்கள். எதிர்வீட்டு அக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா? "இந்த வருசம் கொரங்குகூட வரல. யார் மேல பழி போடறது?"

"எம்மேலயே போடு. அதுக்கு இன்னா இப்ப?" என்றார் அத்தை. மோரும் உப்பும் வெங்காயமும் போட்டுக் கலக்கினார். அம்மனுக்குப் படைத்தபின் ஒரு சொம்பு குடித்துவிட்டு, பரவாயில்லையே என்று இன்னொரு சொம்பு கேட்டார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். காய்ச்சலில் படுத்திருந்த அம்மாவிடம், அத்தை இந்த வருஷமும் தீயவைத்துவிட்டதாக மூச்சிரைக்கச் சொன்னேன். அம்மா எழுந்து உட்கார்ந்து, "அண்ணி இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார். சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு கொல்லையிலிருந்த நைனாவைக் கூப்பிட்டு, அவருக்கும் ஒருமுறை சொல்லவைத்தார். நைனா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

கூழ் தீய்ந்ததற்கு இப்படிச் சந்தோஷப்படும் குடும்பம் உண்டா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.