சித்தி ஏறிய மேடை

லாரியில் நெல் மூட்டை ஏற்றப் போடும் பலகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு முனை தரையில் இருக்கும், மறு முனை லாரியின் பின்பக்கத்தில் இருக்கும். பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கொள்முதல் நிலையத்தில் அறுவடைக் காலம் முழுக்க அப்படி ஒரு பலகை கிடக்கும். முதுகில் மூட்டையோடு ஆள் ஏறும்போது நடுவில் வளைந்து, அவர் மேலே போனதும் நிமிரும். அந்தப் பலகை எனக்கு நினைவுக்கு வருவது வயலைப் பார்க்கும்போது அல்ல, சென்னையில் குளிரூட்டிய அரங்குகளில் உட்கார்ந்திருக்கும்போது. இப்போதெல்லாம் அரங்க வாசலில் சாய்தளம் கட்டுகிறார்கள், சக்கர நாற்காலிக்கு முன்வரிசையில் இடம் விடுகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கண் அதோடு நிற்காது, மேடைக்கு வழி எங்கே என்று தேடும். பெரும்பாலும் படிகள்தான் இருக்கும். இவர்கள் பார்க்க வருவார்கள், நடிக்க வரமாட்டார்கள் என்று யார் முடிவு செய்தது? இந்தக் கேள்வி வந்துவிட்டால் அன்றைய நிகழ்ச்சி எனக்கு அவ்வளவுதான். காலை ஆட்டிக்கொண்டும் நெளிந்துகொண்டும் பக்கத்து இருக்கைக்காரரின் முறைப்பை வாங்கிக்கொண்டும் உட்கார்ந்திருப்பேன். இந்த வியாதி எனக்குச் சித்தியிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

சித்தி என் அம்மாவின் தங்கை. குழந்தையாக இருந்தபோதே இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. அக்குளில் கட்டைகளை வைத்துக்கொண்டு நடப்பார். ஊருக்கு ஊர் டெலிபோன் பூத் வந்த சமயத்தில், ஊனமுற்றோருக்கான ஒதுக்கீட்டில் அவருக்கும் ஒன்று கிடைத்தது. எங்கள் ஊர் ஆண்கள் கூட்டம் கூட்டமாக வெளிநாடு போய்க்கொண்டிருந்த காலம் அது. சவுதியில் யாருக்குக் காய்ச்சல், சிங்கப்பூரில் யாருக்கு முதலாளியோடு சண்டை என்பதெல்லாம் அவரவர் வீட்டுக்குத் தெரிவதற்கு முன்பே சித்திக்குத் தெரிந்துவிடும். உட்கார்ந்த இடத்தில் ஒரு பிழைப்பு கிடைத்ததே என்று ஊரே நிம்மதிப்பட்டது. சித்திக்கு அந்த நிம்மதிதான் பிடிக்கவில்லை. "உக்காந்தே கெடக்கணும்னு எனக்கு என்ன நேத்திக்கடனா?" என்பார். கண்ணாடிக் கூண்டுக்குள் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலுக்குப் போவார், தெருவைப் பார்ப்பார், திரும்பி வந்து மேசையில் தாளம் போடுவார். கும்பகோணத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான், விடுமுறைக்கு வந்தால் அந்தப் பூத்தில்தான் கிடப்பேன்.

எங்கள் மாதா கோயில் மைதானத்தில் தவக்காலத்தின் முடிவில் பாஸ்கா நடக்கும். இயேசுவின் வாழ்க்கையையும் பாடுகளையும் ஊர்க்காரர்களே நடிக்கும் நாடகம் அது. வேடங்கள் பட்டா போட்ட மாதிரி குடும்பம் குடும்பமாக இருந்தன. பிலாத்து ஒரு வீட்டுக்கு, யூதாசு ஒரு வீட்டுக்கு. எங்கள் வீட்டுக்கு எதுவும் இல்லை. ஆனால் சித்திக்கு எல்லா வசனமும் மனப்பாடம் என்பதால், வருடா வருடம் பக்கத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பார். நாடகத்தில் ஆரம்பத்திலேயே முடவரைக் குணமாக்கும் காட்சி வரும். ஊர்க் கொத்தனார் ஒருவர் முடவராகப் பாயில் ஊர்ந்து வருவார். இயேசு கை நீட்டியதும் துள்ளி எழுந்து, "நடக்கிறேன் ஊராரே, நான் நடக்கிறேன்!" என்று மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுவார். கைதட்டல் அள்ளும். நிஜமாகவே நடக்க முடியாதவர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அவருக்கு அந்த வசனத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்ததில் யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. சித்திக்கு உறுத்தியது. மேடையில் ஏறி, சனங்களைப் பார்த்து, ஒரு வேடத்தை நடித்துக் காட்ட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அதை அவர் ஒளித்து வைத்ததும் இல்லை.

அந்த வருடம் தவக்காலத்தில் கொத்தனாருக்கு விசா வந்தது. ஏஜென்டின் போன் சித்தியின் பூத்துக்குத்தான் வந்தது. ஆளை விட்டுக் கூப்பிட்டு, "அண்ணே, விசா வந்துடுச்சு, கெளம்புங்க. மொடவர் வேசம் எனக்கு" என்று ஒரே மூச்சில் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டார். பாஸ்காவை இயக்கும் வாத்தியார் அப்படித் தலையாட்டவில்லை. பள்ளிக்கூட அறையில் கூட்டம் கூடியபோது நானும் போயிருந்தேன். "கொணமாகணுமேம்மா. அதுதான காட்சி?" என்றார் வாத்தியார். "யூதாசா நடிக்கிறவரு யாரையும் காட்டிக் குடுத்தாரா? நடிப்புதான சார்?" என்றார் சித்தி. வாத்தியார் கெட்டவர் இல்லை, வாய் முந்திவிட்டது. "ஆளு நடிக்கலாம். காலு நடிக்குமா?" என்று கேட்டுவிட்டார். எனக்கு அவர் கையில் இருந்த வசனத் தாளைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டும்போல் இருந்தது. சித்தி முகம் மாறாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் ஊரில் வேறு ஆள் இல்லை. இருந்த இளவட்டங்களில் பாதிப்பேர் பாஸ்போர்ட்டும் கையுமாக மெட்ராசில் கிடந்தார்கள். கடைசியில் பங்குச் சாமியார் ஒரு வழி சொன்னார். சித்தியே முடவராக நடிக்கட்டும், இயேசு கை நீட்டியதும் முன்திரையை இறக்கிவிடலாம், அவர் குணமானார் என்று மைக்கில் அறிவித்துவிடலாம். எல்லோருக்கும் பெரிய பாரம் இறங்கியது. "மேடைக்கு நாங்க நாலு பேரு சேந்து தூக்கிட்டு வந்துடுறோம்" என்று ஒருவர் பாசமாகச் சொன்னார். எங்கள் ஊரில் சித்தியைத் தூக்குவதற்கு எப்போதும் ஆள் உண்டு. பஸ்ஸில் ஏற, கோயிலில் ஏற, கல்யாணப் பந்தியில் உட்கார என்று கேட்காமலே தூக்கிவிடுவார்கள். சித்தி அன்று சொன்னார்: "நெல்லு மூட்ட ஏறணும்னா பலக போடுறீங்க. நான் ஏறணும்னா மட்டும் ஆள் போடுறீங்களே. எனக்கும் ஒரு பலக போடுங்க." சாமியார் சிரித்துவிட்டார், வேறு யாரும் சிரிக்கவில்லை. நாடகத்தன்று கொள்முதல் நிலையத்துச் சுமைதூக்கிகள் அந்தப் பலகையைத் தோளில் கொண்டுவந்து மேடையின் பக்கவாட்டில் சாய்த்து, கட்டை வழுக்காமல் இருக்க அதன்மேல் குறுக்குச் சட்டங்களை அடித்துக் கொடுத்தார்கள்.

நான் முன்வரிசையில் இருந்தேன். உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. திரை உயர்ந்தபோது சித்தி பாயில் கிடந்தார், பக்கத்தில் கட்டைகள். கொத்தனார் வழக்கமாக இயேசுவை நோக்கி ஊர்வார். சித்தி கட்டைகளை இழுத்துக்கொண்டு எங்களை நோக்கி ஊர்ந்தார். வழி தெரியாமல் வருகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இத்தனை வருடம் திரைக்குப் பின்னால் இருந்தவருக்குத் திரை எந்த இடத்தில் விழும் என்று தெரியாதா என்ன! அந்த இடத்தைத் தாண்டி மேடை விளிம்புக்கு வந்தபிறகுதான் நின்றார். பின்னாலேயே வந்த இயேசு கை நீட்டினார், சொன்னபடி திரை விழுந்தது. இயேசு உள்ளே மாட்டிக்கொள்ள, சித்தி மட்டும் வெளியே இருந்தார்.

அதன்பிறகு அவர் எழுந்தார். அவர் எழுவதை ஊர் அதுவரை முழுதாகப் பார்த்ததே இல்லை, அதற்குள் யாராவது தூக்கிவிடுவார்கள். ஒரு கட்டையை ஊன்றி, முழங்காலைக் கையால் மடக்கி, இடுப்பை உயர்த்தி, சரிந்து, மறுபடி உயர்த்தி, இரண்டாவது கட்டையை இழுத்து அக்குளில் செருகி. வெகுநேரம் ஆனது. மைக்கில் அறிவிக்க வேண்டியவர் அதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையிலிருந்து ஒருவர் தூக்கிவிட ஓடினார். சித்தி பார்த்த பார்வையில் அவர் அப்படியே நின்றுவிட்டார். நிமிர்ந்ததும் சித்தி முழுத் தொண்டையில், "நடக்கிறேன் ஊராரே, நான் நடக்கிறேன்!" என்றார். கட்டைகள் தடதடக்க மேடையின் குறுக்கே நடந்து, பலகை வழியாக இறங்கி வந்தார். யாரும் கைதட்டவில்லை. அழுதுகொண்டிருந்தார்கள். நாடகம் முடிந்ததும் நாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் சித்தியின் தலையில் கைவைத்து, "கவலப்படாத தாயி, அடுத்த வருசம் கண்டிப்பா கொணமாயிடும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

பிற்பாடு வெளிநாட்டுப் பணத்தில் அதே இடத்தில் சிமென்ட் மேடை எழுந்தது. பளிங்குக்கல் பதித்த படிகள் வைத்தார்கள். சாய்தளத்துக்காகச் சித்தி ஒவ்வொரு சாமியாரோடும் மல்லுக்கட்டி, அவர்கள் மாறிப்போக, இவர் மட்டும் மாறாமல் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் என் மனதில் நிற்பது நாடகத்துக்கு மறுநாள் காலைதான். சித்தி பூத்தில் கடுகடுவென்று இருந்தார். கல்யாண வீடு மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போன எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"வந்தவங்க எல்லாம் கையப் புடிச்சு அழுவுறாங்க. தைரியசாலிங்கறாங்க. என் காலப் பாத்தாங்க, கட்டயப் பாத்தாங்க. நல்லா நடிச்சேன், மோசமா நடிச்சேன்னு ஒருத்தராவது ஒரு வார்த்த சொன்னாங்களா?"

நான் கொஞ்சம் யோசித்தேன். பிறகு சொன்னேன். "கடைசி வசனத்த அவசரப்பட்டுச் சொல்லிட்டீங்க சித்தி. எழுந்து நின்னதும் ஒரு மூச்சு விட்டு, எல்லாரையும் ஒரு பார்வ பாத்துட்டுச் சொல்லியிருக்கணும்."

சித்தி என்னை உற்றுப் பார்த்தார். போன் அடித்தது. எடுத்து, "பத்து நிமிசம் கழிச்சுப் போடுங்க, வேலையா இருக்கேன்" என்று வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"சரி, வேற எங்கெங்க தப்பு? ஒண்ணு விடாம சொல்லு."