நனையாத படம்

முப்பத்தெட்டு வயதில்தான் ஓவியம் கற்றுக்கொள்ளப் போனேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. நாள் முழுக்க ரப்பர் வளையங்களில் குறை இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சேக்காட்டில் ஓவியம் சொல்லித்தரும் சார் வீட்டு மாடிக்குப் போய்விடுவேன். மின்சார ரயில் ஓட்டுகிற ஒருவர், ஒரு நர்ஸ், இன்னும் நாலைந்து பேர் வருவார்கள். ஷீட் கூரை கொதிக்கும். சார் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவர் பின்னாலும் வந்து நிற்பார். "கொஞ்ச நேரம் சும்மா பாரும்மா, அப்புறம் தொடு" என்பார். அதுவரை யாரும் என்னைச் சும்மா பார்க்கச் சொன்னதில்லை. அந்த மனிதருக்காக நான் எதையும் செய்திருப்பேன்.

மூன்றாம் வருஷம், அண்ணனூர் நடைமேம்பாலத்திலிருந்து தெரியும் ரயில் ஷெட்டை வாட்டர் கலரில் வரைந்தேன். வரிசையாக ரயில்கள், முன்னால் கட்டைப்பையோடு என் அம்மா. அவள் காலில் ஒன்று நீலச் செருப்பு, இன்னொன்று பழுப்பு. கோயில் வாசலில் ஒற்றைச் செருப்பு மாறிப்போய், அப்படியே என் வீடுவரை நடந்து வந்தவள் அவள். மற்றவர்களுக்குக் காட்ட வெட்கமாக இருந்தது. எல்லோரும் போனபின் சாரிடம் மட்டும் காட்டினேன், செருப்புக் கதையையும் சொன்னேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். "இத ஏதாவது போட்டிக்கு அனுப்பணும்மா. கையெழுத்து இப்ப போடாத, வானத்துல கொஞ்சம் வேல இருக்கு. எங்கிட்டயே இருக்கட்டும்."

அந்த மழைக்காலத்தில் சேக்காட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வடிந்ததும் போனேன். சார் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் படம் போச்சும்மா. கீழ பீரோவுல வெச்சிருந்தேன், கூழாயிடுச்சு." அழுதுவிட்டார். நான்தான் ஆறுதல் சொன்னேன். "படந்தானே சார், இன்னொண்ணு போட்டுக்கலாம்." இன்னொன்று போட எனக்கு வரவே இல்லை.

மூன்று வருஷம் கழித்து சார் மாரடைப்பில் போய்விட்டார். மாணவர்கள் சேர்ந்து பூந்தமல்லியில் ஒரு ஹாலில் அவர் படங்களை மாட்டினார்கள். ஷிப்ட் முடிந்து நான் போனபோது ஒரு படத்தின் முன்னால் கூட்டமாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். என் அம்மா. மூலையில் சாரின் கையெழுத்து. ஏதோ போட்டியில் பரிசு வாங்கிய படம் என்று கீழே எழுதியிருந்தது.

"பாத்தியாக்கா, செருப்பக் கூட வுடல. மாஸ்டர் கண்ணு இன்னா கண்ணு!" என்றார் ரயில் ஓட்டுகிறவர்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனேன். அங்கே சாரின் மனைவி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அது நான் வரைஞ்சது."

"தெரியும்மா" என்றார், நிமிராமல். "கை நடுக்கம் வந்து அவரால ஒரு கோடு நேரா போட முடியல. கிளாஸ்ல பிரஷ்ஷையே தொடமாட்டாரே, கவனிச்சிருக்கியா? அனுப்பறதுக்கு அவர்கிட்ட ஒண்ணுமில்ல. உன்னுத அனுப்பிட்டாரு. பரிசு வந்ததும் வாயத் தொறக்க முடியாம போச்சு."

"அன்னிக்கு என் முன்னாடி அழுதாரேக்கா?"

"அது நடிப்பு இல்லம்மா."

அதுதான் அதிகமாக வலித்தது. நடிப்பென்றால் சுலபமாக வெறுத்திருப்பேன்.

"இன்னிக்கு வேணாம்மா, இத்தன பேர் வந்திருக்காங்க" என்று கையைப் பிடித்தார். அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ரயில் ஓட்டுகிறவரிடம் மட்டும் சொன்னேன். "செத்த மனுசன் வந்து பதில் சொல்வாராக்கா? தப்பாப் பேசாத" என்றார். அவர் மற்றவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்; அதற்குப் பிறகு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நான் என்ன போட்டாலும் பதில் இல்லை. ஆறு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்த நர்ஸ், ஆதாரம் இருக்கிறதா என்று தனியாகக் கேட்டாள். படத்தை நான் எடுத்து வைத்திருந்த ஒரே போட்டோ பழைய போனோடு போய்விட்டது. குழுவிலிருந்து நானே விலகினேன்.

கண்காட்சி முடிந்ததும் சாரின் மனைவி கூப்பிட்டுப் படத்தைக் கொடுத்தார். வெளியே சொல்ல அவருக்கும் தைரியமில்லை. கிட்டத்தில் வைத்துப் பார்த்தபோது அந்தக் கையெழுத்து கோணல்மாணலாக நடுங்கியிருந்தது. அத்தனை பேரில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை.

நசரத்பேட்டையில் தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவிடம் எடுத்துப்போனேன். தன்னைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் மூலையைத் தொட்டாள்.

"இன்னாடி, என்னிய வரஞ்சிகினு யாரு பேர எழுதிகீற?"

"எங்க சார் பேரும்மா."

"நல்ல மனுசன் நல்ல மனுசன்னு சொல்லிகினு இருந்தியே, அவரா?"

ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.